விண்மீனுக்கு எல்லை கண்டவர்

குடகு மலையிற் பிறந்து, தஞ்சைத் தரணியை நெல் விளையும் பொன்னாடாக்கிய காவிரி, தன் கிளைகள் சிலவற்றை முத்துப்பேட்டைக்கு அருகே கடலிற் சேர்க்கின்றாள். கோரையாறு, பாமணியாறு முதலியன அங்கே ஒரு காயலிற் கலக்கின்றன. காயலைச் சூழ்ந்து அலையாத்திக் காடு பரந்து கிடக்கின்றது. மார்கழித் திங்கள் இரவில் அக்காயற்கரையில் நின்று வானத்தை நோக்குவார்க்குச் செந்நிறமாய் ஒளிரும் ஆதிரை மீன் தோன்றும். அதற்குத் தென்கிழக்கே வெண்மையாய்ச் சுடர்விடும் மற்றொரு மீனும் தோன்றும். இரவு வானத்து விண்மீன்களுள் பேரொளி வாய்ந்தது அதுவே. அதனைச் சிரியஸ் என்று வழங்குவர்.

சிரியஸ் மீனுக்கு ஒரு துணை உண்டு. வெறுங்கண்ணுக்குப் புலனாகாத அத்துணைமீன் 1862 ஆம் ஆண்டில் தொலைநோக்கியின் வாயிலாகக் காணப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ ஞாயிற்றின் எடை. அதன் பருமனோ ஏறத்தாழ நம் நிலவுலகின் பருமன். எரிபொருள் தீர்ந்து, சுருங்கி, எஞ்சிய வெப்பத்தால் மட்டும் ஒளிரும் இறந்த விண்மீன் அது. இத்தகையவற்றை வெண்குறுமீன் என்பர். அதன் பொருளில் ஒரு சிறு கரண்டி அளவு எடுத்தாலும் அது பல டன் எடை நிற்கும்.

எல்லா விண்மீன்களும் இறந்த பின் வெண்குறுமீன்களாகவே அமைதி பெறுமா? பெறா, அதற்கு ஓர் எடை எல்லை உண்டு என்று கணித்துக் காட்டியவர், காவிரிக் கரையிலிருந்து சென்ற ஒரு குடியிற் பிறந்த பேரறிஞர். அவரே சுப்பிரமணியன் சந்திரசேகர்.

குடியும் கல்வியும்

சந்திரசேகருடைய முன்னோர் தஞ்சை மாவட்டத்துப் புரசக்குடி என்னும் ஊரினர். பாட்டனார் சந்திரசேகர ஐயர் காலத்தில் அக்குடும்பம் ஆங்கிலக் கல்வியை நாடி நகரங்களுக்குச் சென்றது. பாட்டனார் விசாகப்பட்டினத்துக் கல்லூரியொன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தார். அவர்தம் மைந்தருள் மூத்தவர் சுப்பிரமணிய ஐயர். இரண்டாமவர் 1930 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்று நாட்டுக்குப் பெருமை தேடித் தந்த சர் சி. வி. இராமன்.

சுப்பிரமணிய ஐயர் அரசாங்கக் கணக்குத் தணிக்கைத் துறையில் உயர்ந்த அலுவல் பார்த்தவர். அவர் லாகூரில் இருந்த காலத்தில், 1910 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19 ஆம் நாள் சந்திரசேகர் பிறந்தார். மக்கள் பதின்மருள் இவர் மூன்றாமவர். ஆண் மக்களுள் மூத்தவர். மரபின்படி இவருக்குப் பாட்டனார் பெயர் இடப்பட்டது. அன்னையார் சீதாலட்சுமி அம்மையார் கல்வியில் ஆர்வம் மிக்கவர். இப்சன் என்னும் நார்வே நாட்டு ஆசிரியரின் நாடகமொன்றைத் தமிழாக்கம் செய்தவர். இளமையில் சந்திரசேகர் வீட்டிலேயே கல்வி பயின்றார். தந்தையார் ஆங்கிலமும் கணக்கும் கற்பித்தார். அன்னையார் தமிழ் கற்பித்தார்.

1918 ஆம் ஆண்டில் அக்குடும்பம் சென்னையிற் குடியேறியது. 1920 ஆம் ஆண்டில் கும்பகோணத்துக் கணித மேதை இராமானுசன் மறைந்தார். அச்செய்தியை அன்னையார் கூறக் கேட்டபோது சந்திரசேகருக்கு வயது ஒன்பது. எளிய குடியிற் பிறந்த தமிழர் ஒருவர் கடல் கடந்து சென்று கேம்பிரிட்சு அறிஞர்களை வியக்கச் செய்த வரலாறு, அவ்விளம் உள்ளத்தில் வித்தாக விழுந்தது.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்ற பின், 1925 ஆம் ஆண்டில் அவர் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். மகன் ஆட்சிப் பணியில் அமரவேண்டும் என்பது தந்தையார் விருப்பம். அறிவியலே மகனது நாட்டம். 1928 ஆம் ஆண்டில் சொமர்பெல்டு என்னும் ஜெர்மானியப் பௌதிக அறிஞர் சென்னைக்கு வந்தார். சந்திரசேகர் அவரை நேரிற் சென்று கண்டார். தாம் பாடநூல்களில் ஊன்றிக் கற்ற அணுக் கொள்கை ஐரோப்பாவில் அதற்குள் பழமைப்பட்டுப் போயிற்று என்பதை அன்று அறிந்தார். வேறொருவராயின் சோர்ந்திருப்பர். சந்திரசேகரோ புதிய கொள்கையைத் தாமே முயன்று கற்றார். கல்லூரி மாணவராய் இருக்கும்போதே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி, இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் அது இடம்பெறக் கண்டார்.

கப்பலிற் கண்ட கணக்கு

1930 ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவருக்கு உதவிச் சம்பளம் அளித்துக் கேம்பிரிட்சுப் பல்கலைக் கழகத்துக்கு அனுப்ப முன்வந்தது. அப்பொழுது அன்னையார் கொடிய நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். நோயுற்ற தாயை விட்டு ஆறாயிரம் மைலுக்கு அப்பால் செல்லுதல் எங்ஙனம்? மைந்தர் தயங்கினார். அன்னையாரோ தம் துன்பத்தைப் பொருட்படுத்தாது, சென்று வருமாறு அவரைப் பணித்தார். சூலைத் திங்கள் 31 ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்திற் கப்பலேறிய சந்திரசேகர் தம் அன்னையை மீண்டும் காணவில்லை. மறு ஆண்டு மே மாதத்தில் அவ்வம்மையார் இறந்தார்.

கப்பலிற் சென்றபோது அவருக்கு வயது பத்தொன்பது. கடற்கொந்தளிப்பு அடங்கிய பின், கையிலிருந்த நூல்களையும் தாள்களையும் விரித்துவைத்து விண்மீன்களைப் பற்றிச் சிந்திக்கலானார்.

விண்மீன் ஒன்றில் இரண்டு ஆற்றல்கள் எதிர் நிற்கின்றன. ஈர்ப்பு விசை அதன் பொருளையெல்லாம் உள்நோக்கி இழுக்கின்றது. உள்ளே எரியும் அணுக்கனலின் வெப்பம் வெளிநோக்கித் தள்ளுகின்றது. எரிபொருள் தீர்ந்தவுடன் வெப்பத்தின் தாங்குதல் குறைய, மீன் சுருங்குகின்றது. பின்னர் அதனைத் தாங்குவது எது? அதிலுள்ள எலெக்ட்ரான்கள் என்னும் நுண்ணிய துகள்களே. ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருத்தல் இயலாது. விருந்துப் பந்தியில் முன் வரிசைகள் நிரம்பிய பின் வருவோர் அடுத்தடுத்த வரிசைகளுக்குச் செல்வதுபோல, கீழ்நிலைகள் நிரம்பியபின் எஞ்சிய எலெக்ட்ரான்கள் மேன்மேலும் விரைந்து இயங்கும் நிலைகளையே ஏற்றல் வேண்டும். அவ்விரைவே ஈர்ப்பை எதிர்த்து நிற்கும் தாங்குவிசையாகின்றது. இதனை 1926 ஆம் ஆண்டில் விளக்கியவர் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ரால்ப் பௌலர். எத்துணைப் பெரிய விண்மீனும் இவ்வாறே தாங்கப்பெற்று அமைதி அடையும் என்று அறிஞர் பலர் எண்ணினர்.

இங்கேதான் சந்திரசேகர் ஒரு வினாவை எழுப்பினார். எடை மிக மிக எலெக்ட்ரான்களின் விரைவும் மிகும் அன்றோ? ஆனால் ஒளியின் விரைவை எப்பொருளும் விஞ்சுதல் இயலாது என்பது ஐன்ஸ்டைன் கண்ட உண்மை. விரைவு அவ்வெல்லையை நெருங்கும்போது தாங்குவிசை என்னாகும்? அவர் கணக்கிட்டுப் பார்த்தார். அந்நிலையில் ஈர்ப்பு மிகும் அளவுக்குத் தாங்குவிசை மிகவில்லை. ஆற்றில் வெள்ளம் ஏற ஏறக் கரையையும் உயர்த்திக்கொண்டே போகலாம் என்று எண்ணியிருந்தவர்க்கு, கரைக்கும் ஓர் உயர எல்லை உண்டு என்பது தெரிய வந்தாற்போல இருந்தது அம்முடிவு. குறித்த ஓர் எடைக்கு மேற்பட்ட இறந்த மீன், வெண்குறுமீனாய் நிலைபெற முடியாது. இன்றைய கணக்கின்படி அவ்வெல்லை ஞாயிற்றின் எடையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதுவே சந்திரசேகர் எல்லை எனப் பெயர் பெற்றது. அக்காலத்தில் ஸ்டோனர் என்னும் ஆங்கில அறிஞரும் வேறு வழியில் இத்தகைய முடிவை எட்டியிருந்தார். எனினும் விண்மீனின் அமைப்பை முழுமையாகக் கணித்து அவ்வெல்லையை உறுதிசெய்த பெருமை சந்திரசேகரையே சாரும்.

அவையில் நேர்ந்த இழுக்கு

கேம்பிரிட்சில் பௌலரின் மாணவராய் இருந்து 1933 ஆம் ஆண்டில் சந்திரசேகர் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே திரினிடிக் கல்லூரியின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். இராமானுசனுக்குப் பின் அச்சிறப்பைப் பெற்ற இந்தியர் அவரே. அக்கல்லூரியில் வாழ்ந்தவர் சர் ஆர்தர் எடிங்டன். 1919 ஆம் ஆண்டில் ஞாயிற்று மறைப்பின்போது செய்த ஆராய்ச்சியால் ஐன்ஸ்டைன் கொள்கையை மெய்ப்பித்தவர் அவர். வானநூல் உலகில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. அவர் அடிக்கடி சந்திரசேகரின் அறைக்கு வந்து, அவருடைய கணக்கு எவ்வாறு முன்னேறுகின்றது என்று கேட்டறிந்து வந்தார்.

1935 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 11 ஆம் நாள் இலண்டனில் அரச வானநூற் கழகம் கூடியது. இருபத்து நான்கு வயதினரான சந்திரசேகர் தம் முடிவுகளை அவையோர்க்கு எடுத்துரைத்தார். அடுத்து எடிங்டன் எழுந்தார். இந்த முடிவை ஒப்புக்கொண்டால், பெரிய மீன் சுருங்கிச் சுருங்கி, ஒளியும் வெளியேற முடியாத அளவுக்கு ஈர்ப்பு மிக்க ஒரு பொருளாகிவிடும் என்று விளக்கினார். அது நடவாத செயல். ஆகவே சந்திரசேகரின் அடிப்படையே பிழை என்று முடிவு கட்டினார். அவர் பேச்சின் நயத்தில் மயங்கிய அவையினர் நகைத்தனர். எத்தனையோ முறை நேரிற் பேசியிருந்தும், தாம் மறுக்கப்போவதை எடிங்டன் ஒருநாளும் அவரிடம் குறிப்பிட்டதில்லை.

காலம் காட்டிய உண்மை வியப்புக்குரியது. நடவாது என்று எடிங்டன் தள்ளிய அதே பொருளைத்தான் இன்று கருந்துளை என்கிறோம். ஒளியும் தப்ப முடியாத கருந்துளைகள் வானத்தில் உள்ளன என்பதற்குச் சான்றுகள் பல பின்னர்க் கிடைத்தன. இளைஞரின் கணக்குக் கருந்துளைக்குச் செல்லும் வாயிலைத் திறந்தது. முதியவர் அவ்வாயிலைக் கண்டும் அதனுள் நுழைய மறுத்தார். அறிவின் குறைவால் அன்று; இயற்கை இப்படித்தான் இருத்தல் வேண்டும் என்று முன்னரே கொண்ட முடிவால்.

சந்திரசேகர் ஐரோப்பாவின் தலைசிறந்த பௌதிக அறிஞர்களுக்கு எழுதிக் கருத்துக் கேட்டார். அவர்கள் தனிமுறையில் அவர் பக்கமே நியாயம் என்றனர். ஆயினும் எடிங்டனை வெளிப்படையாக மறுக்க முன்வரவில்லை.

பணியே விடை

அந்நிலையில் அவர்முன் இரண்டு வழிகள் இருந்தன. வாழ்நாள் முழுதும் வழக்காடிக்கொண்டிருத்தல் ஒன்று. மனமுடைந்து ஆராய்ச்சியைக் கைவிடுதல் மற்றொன்று. அவர் அவ்விரண்டையும் விலக்கினார். தம் கணக்கை முழுமையாக ஒரு நூலில் எழுதி 1939 ஆம் ஆண்டில் வெளியிட்டார். உண்மை தன் காலத்தில் தானே வெளிப்படும் என்னும் உறுதியோடு அதனை அங்கே வைத்துவிட்டு, வேறு துறைக்குச் சென்றார்.

1936 ஆம் ஆண்டில் தாயகம் வந்து, மாநிலக் கல்லூரியில் உடன்பயின்ற லலிதா அம்மையாரை மணந்தார். அப்பயணத்தில் வேறொரு தொண்டும் செய்தார். இராமானுசனின் நல்ல படமொன்று வேண்டும் என்று பேராசிரியர் ஹார்டி கேட்டிருந்தார். சந்திரசேகர் இராமானுசனின் மனைவியார் சானகி அம்மையாரைத் தேடிச் சென்று, கடவுச் சீட்டில் இருந்த படத்தைப் பெற்றுத் தந்தார். இன்று உலகம் முழுவதும் காணும் இராமானுசன் உருவம் அப்படத்தினின்றும் வந்ததே.

1937 ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் சிக்காகோப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியாற்றினார். விண்மீன் கூட்டங்களின் இயக்கம், விண்மீனுள் ஒளி பரவும் முறை, சுழலும் பாய்பொருள்களின் நிலைப்பாடு, கருந்துளைகளின் கணிதம் என ஒவ்வொரு துறையிலும் ஆண்டுக்கணக்கில் ஆழ்ந்து ஆராய்வார். முடிவில் ஒரு பெருநூல் இயற்றுவார். பின்னர் மற்றொரு துறையிற் புகுவார். வானப் பௌதிக ஆராய்ச்சி இதழொன்றுக்கு 1952 முதல் 1971 வரை ஆசிரியராய் இருந்து, அதனை உலகின் முதன்மையான இதழாக உயர்த்தினார். லீ, யாங் என்னும் சீன நாட்டு மாணவர் இருவர்க்குக் கற்பிக்கவே அவர் வானாய்வகத்திலிருந்து நெடுந்தொலைவு காரோட்டிச் சிக்காகோ சென்று வந்தார் என்பர். அவ்விருவரும் 1957 ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

எடிங்டனிடம் அவர் பகை பாராட்டவில்லை. 1944 ஆம் ஆண்டில் எடிங்டன் மறைந்தபோது, அக்காலத்துப் பேரறிஞருள் ஒருவர் அவர் என்று மனமாரப் போற்றினார். கருத்து வேறுபாடு வேறு. பகைமை வேறு என்பதை வாழ்ந்து காட்டினார்.

உண்மை மெல்ல வெளிவந்தது. வெண்குறுமீனினும் சிறியனவும் செறிவு மிக்கனவுமான நியூட்ரான் மீன்கள் உண்டு என்பது 1967 ஆம் ஆண்டுக்குப் பின் உறுதியாயிற்று. அத்தகைய மீனின் குறுக்களவு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். முத்துப்பேட்டைக்கும் மன்னார்குடிக்கும் இடையே அடங்கிவிடும். எடையோ ஞாயிற்றினும் மிகுதி. இறந்த மீன்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கெல்லாம் சந்திரசேகர் எல்லை அடிப்படையாயிற்று. 1968 ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் பத்ம விபூஷண் விருது அளித்தது. 1983 ஆம் ஆண்டில் வில்லியம் பௌலர் என்னும் அமெரிக்க அறிஞரோடு அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். கப்பலில் கணக்கிட்ட நாளுக்கும் பரிசு பெற்ற நாளுக்கும் இடையே 53 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1995 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 21 ஆம் நாள் அவர் சிக்காகோவில் மறைந்தார்.

கரும்பொருளும் இறந்த மீனும்

அவர் மறைந்த பின்னும் அவர் கண்ட எல்லை புதிய பயன் தந்து வருகின்றது. விண்ணில் ஒளியைத் தராமலும் மறைக்காமலும் ஈர்ப்பால் மட்டும் தன்னை அறிவிக்கும் ஒரு பொருள் பெருகிக் கிடக்கின்றது. அதனைக் கரும்பொருள் என்பர். நாம் அறிந்த பொருளைப்போல் அது ஏறத்தாழ ஐந்து மடங்கு. 1999 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டார் விண்ணில் ஏவிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரசேகரின் நினைவாகச் சந்திரா என்று பெயரிட்டனர். விண்மீன் பேரினங்கள் இரண்டு மோதிக்கொண்ட இடமொன்றை அத்தொலைநோக்கி படம்பிடித்தது. அதனையும் பிற தொலைநோக்கிகளின் படங்களையும் ஒப்பிட்டு, கண்ணாரக் காணத் தக்க சான்றாக 2006 ஆம் ஆண்டில் அறிஞர் கரும்பொருளின் இருப்பைக் காட்டினர்.

அக்கரும்பொருளின் துகள்கள் நியூட்ரான் மீனுள் வீழ்ந்தால் என்னாகும்? மீனின் செறிந்த பொருளோடு மோதி, விரைவிழந்து, அகப்பட்டு, நடுவிடம் நோக்கி இறங்கக்கூடும் என்று அறிஞர் கருதுகின்றனர். கோடிக்கணக்கான ஆண்டுகள் இவ்வாறு சேர்ந்தால், மீனின் நடுவே கரும்பொருட் கட்டியொன்று உருவாகலாம். அக்கட்டியின் எடைக்கும் ஓர் எல்லை உண்டு. பத்தொன்பது வயதினர் எலெக்ட்ரான்களுக்குக் கணக்கிட்ட அதே முறையைக் கரும்பொருளுக்கும் பொருத்தி அறிஞர் அவ்வெல்லையைக் கணிக்கின்றனர். எல்லை கடந்தால் கட்டி இடிந்து சிறு கருந்துளையாகும். கரையானின் புற்று மரத்தை உள்ளிருந்து அரிப்பதுபோல, அது மீனை உள்ளிருந்தே விழுங்கக்கூடும். வெண்குறுமீனுள் சேர்ந்த கரும்பொருள், உரிய எடை எல்லையை எட்டுமுன்னரே அதனை வெடிக்கச் செய்யலாம் என்றும் சிலர் கணித்துள்ளனர்.

இவையெல்லாம் இன்னும் கண்டு உறுதிசெய்யப்படாத கருத்துகளே. ஆயினும் பயனற்றவை அல்ல. மிகப் பழைய நியூட்ரான் மீன்கள் பல இன்றும் அழியாது நிலைபெற்றிருக்கின்றன. அவற்றை விழுங்கியிருக்கவேண்டிய இயல்புடைய கரும்பொருள் இருத்தல் இயலாது என்று அதனால் விலக்கலாம். இவ்வாறு, காணமுடியாத பொருளின் தன்மையை அறிய இறந்த விண்மீன்கள் துலாக்கோல் ஆகின்றன. இக்கருத்துகளுள் எது மெய், எது பொய் என்பதைப் பெயர் பெற்றவரின் நகைப்பு முடிவு செய்யாது. கணக்கும் காட்சியுமே முடிவு செய்யும். சந்திரசேகரின் வாழ்க்கை உணர்த்தும் பாடமும் இதுவே.

பெரியோரை மதித்தல் நம் கடமை. அதற்காக, ஆராய்ந்து கண்ட உண்மையைக் கைவிடுதல் கடமையன்று. அவையோர் நகைத்தபோதும் சந்திரசேகர் தம் கணக்கை மாற்றவில்லை, நகைத்தவரை வெறுக்கவுமில்லை. முத்துப்பேட்டைக் காயலின்மேல் மார்கழிதோறும் சிரியஸ் சுடர்விட்டு எழுகின்றது. அதன் அருகே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் அந்தச் சிறு மீன், தன் எல்லையைக் கண்டறிந்த தமிழ் மகனின் பொறுமைக்கும் உறுதிக்கும் என்றும் அழியாத சான்றாக விளங்குகின்றது.